லோகு விற்பான், நான் புகார் வாங்குவேன்

எந்தக் கடையிலும் விற்கிறவரை மக்கள் பெயர் சொல்லித் தேடுவார்கள், புகார் வாங்குகிறவரைத் தேடும்போது மட்டும் "இங்க யாராச்சும் குந்துவாங்களா?" என்று நாற்காலியைக் காட்டிக் கேட்பார்கள். மின்சார ஆபீஸிலோ வங்கியிலோ டெலிபோன் ஆபீஸிலோ அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால் என்னைப் புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மேஜை திருப்பதியில் ஒரு பெரிய கடையின் மாடியில் இருந்தது. டி.வி., ஃப்ரிட்ஜ், கட்டில், பீரோ எல்லாம் விற்கிற கடை. ரொக்கம் இல்லாதவர்களுக்குக் கடையே ஒரு கார்டு கொடுத்தது. பொருளை இன்றைக்கே எடுத்துப் போகலாம், தவணையில் கட்டலாம். கையில் காசில்லாமல் ஃப்ரிட்ஜ் வாங்க முடியும் என்பது எங்கள் பக்கத்து மக்களுக்கு அப்போதுதான் தெரிய வந்தது. கார்டோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் போகும். அதன் பெயர் தவணைப் பாதுகாப்பு. உங்களுக்கு வேலை போனாலோ, உடம்பு படுத்தாலோ, இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் தவணையைக் கட்டும். அதற்காக மாதாமாதம் ஒரு சிறு தொகை. முக்கிய நிபந்தனை, நீங்கள் மாதச் சம்பளக்காரராக இருக்க வேண்டும். எங்களிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் கூலிக்காரர்கள், விவசாயிகள், தறி ஓட்டுகிறவர்கள். பறிபோவதற்கு அந்த மாதிரி வேலையே அவர்களிடம் கிடையாது. ஆனாலும் பாதுகாப்பு அமோகமாக விற்றது. விற்றவன் லோகு. அதைப் பற்றி வந்த புகார்களை எழுதியவள் நான்.

பயிற்சியில் நான் விற்றது

லோகுவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவனுக்குச் சத்தியவேடு பக்கம், எனக்குப் புத்தூர் பக்கம். இரண்டு பேர் வீட்டிலும் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இரண்டு வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நாங்கள்தான். அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகம். பெரிய வீட்டுப் பிள்ளை நம்மைத் தாண்டிப் போனால் அவன் அப்பன் சொத்து என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நம்மைப் போலவே பஸ் பாஸ் வைத்திருக்கிறவன் தாண்டிப் போனால் என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது?

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். எங்களை ஒருவருக்கொருவர் பாதுகாப்பு விற்கச் சொன்னார். லோகு என் எதிரே உட்கார்ந்து, வீட்டில் யார் யார், அம்மாவுக்கு உடம்பு எப்படி, வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று விசாரித்தான். இன்சூரன்ஸ் என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. கடைசியில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அடுத்து என் முறை. நிபந்தனைகளை முதலிலிருந்து படித்து, எவை எவற்றுக்குப் பணம் கிடைக்காது என்று ஒவ்வொன்றாக விளக்கி, உங்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறதா, இல்லையென்றால் இது வேண்டாம் என்று சொல்லி முடித்தேன். லோகு பணிவாக "வேண்டாங்க" என்றான். பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ விக்க வந்தியா, விக்கிறதைத் தடுக்க வந்தியா?"

மறுநாளே என்னைப் புகார் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள்.

துண்டில் சுற்றிய மிக்ஸி

பாகாலாவிலிருந்து ஒரு பெரியவர் மிக்ஸியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார். மிக்ஸி ஓடவில்லை, பாதுகாப்புக்கு மாதாமாதம் கட்டுகிறேன், புதிது கொடு என்றார். பாதுகாப்பு மிக்ஸிக்கு இல்லை ஐயா, உங்களுக்கு என்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, மிக்ஸிக்குத்தானே ஆகியிருக்கிறது என்றார். நியாயமான கேள்வி. உங்களுக்கு வேலை போனால்தான் அது உதவும் என்றேன். வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது, மகன் பெங்களூரில் இருந்து அனுப்புகிறான் என்றார். இதைவிடத் தெளிவான புகார் கிடைக்காது என்று நான் எழுத ஆரம்பித்தேன்.

லோகு மாடிப்படி ஏறி வந்தான். பெரியவரின் தோளில் கை போட்டு, மிக்ஸியைக் கையில் வாங்கி, கீழே பழுது பார்க்கிற பையனிடம் கொடுத்து, அவருக்கு டீ வாங்கித் தந்தான். டீ முடிவதற்குள் மிக்ஸி ஓடியது. உள்ளே ஒரு புளியங்கொட்டை மாட்டியிருந்ததாம். புகாரில் கையெழுத்து வேண்டும் என்று நான் படியிறங்கி ஓடினேன். பெரியவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அத்த நீயே வெச்சிக்கோ பாப்பா. நீ நல்லாப் படிச்சிருக்கற, அந்தத் தம்பிக்கு நல்லா மனுசாள் தெரியுது."

ஒரே பதவி

சித்தூரில் புதுக் கிளை திறக்கப் போகிறோம், அதற்கு ஒரு உதவி மேலாளர் வேண்டும், உங்கள் இருவரில் ஒருவர்தான் என்று மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். இருவரும் ஒப்பந்தத்தில் இருந்தோம். சித்தூர் வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் நிரந்தர வேலை இருந்ததில்லை. நைனா மாந்தோப்புக் கூலி. அம்மா மாங்கூழ் ஃபேக்டரியில் சீசனுக்கு மட்டும் போவாள். சீசன் முடிந்தால் அடுத்த சீசன் வரை காத்திருப்பாள். எனக்கு அந்தப் பதவி வேண்டியிருந்தது. சாப்பிடும்போதும் பஸ்ஸில் தூங்கி வழியும்போதும் வேண்டியிருந்தது.

சிக்கல் இதுதான். பாதுகாப்பைத் தவறாக விற்றதாக நான் எழுதுகிற புகாரைச் சென்னைத் தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டால், வாடிக்கையாளருக்குப் பணம் திரும்பும், விற்றவனின் கமிஷன் பிடிபடும், அவன் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பும் ஏறும். அதாவது லோகுவுக்கு எதிராக நான் எழுதுகிற ஒவ்வொன்றும் எனக்குச் சாதகம். அதனால் எதை எழுதினாலும், இது நியாயமா என் வயிற்றெரிச்சலா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவன் சார்பாக நானே வாடிக்கையாளர்களைக் குறுக்கு விசாரணை செய்தேன். உண்மையிலேயே அவர் சொல்லவில்லையா, உங்கள் காதில் விழாமல் போயிருக்குமோ என்று நான் கேட்கக் கேட்க, பலர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். இதை ஒரு நாள் கேஷியர் ஜமுனா அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் நோட்டு எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஒருத்தன் தப்பை இன்னொருத்தி எழுதற எடத்துல, ரெண்டு பேருக்கும் ஒரே பதவியைக் காட்டறாரு பாரு, அதுக்குத்தாண்டி அவரை மேனேஜராக்கி வெச்சிருக்காங்க."

கரண்ட் போனால்

நகரியிலிருந்து விசைத்தறிக்காரர் ஒருவர் வந்தார். மின்வெட்டு கடுமையாக இருந்த கோடைகாலம். தறி ஓடவில்லை, கூலி இல்லை, ஆகவே வேலை போய்விட்டது, இந்த மாதத் தவணையைக் கம்பெனி கட்டட்டும் என்றார். போன மாதமும் பாதி நாள் வேலை போயிருந்ததாம், அதைப் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டாராம். அவர் பேச்சில் ஒரு தவறும் இல்லை. வேலை போனால் கட்டுவோம் என்று லோகு சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்பியிருந்தார்.

வேலையிலிருந்து நீக்கப்பட்டதாக முதலாளியிடமிருந்து கடிதம் வேண்டும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எனக்கு வேலை குடுத்தவரே கரண்டு இல்லாம எதுத்தாப்பல விசிறிக்கினு குந்தியிருக்காரு. அவருகிட்ட போயி என்னை நிறுத்திட்டேன்னு எழுதிக்குடுன்னு கேட்டா, நாளைக்கி நெஜமாவே நிறுத்திடுவாரும்மா."

ஹெட்போனில் லோகு

கார்டு கொடுக்கும்போது சென்னையிலிருந்து ஒரு பெண் வாடிக்கையாளருக்குப் போன் செய்து, இன்ன இன்னதற்குச் சம்மதமா என்று கேட்பாள். அது பதிவாகும். புகார் வந்தால் அந்தப் பதிவை வாங்கிக் கேட்பது என் வேலை. அந்தப் பெண் பாடப்புத்தகத் தமிழில் மூச்சு விடாமல் கேட்பாள். வாடிக்கையாளர் போனைக் கொஞ்சம் நகர்த்தி, "இன்னாப்பா கேக்கறாங்க?" என்பார். பின்னாலிருந்து லோகுவின் குரல் வரும், "சரின்னு சொல்லும்மா." அவர் சரி என்பார். பெண் நன்றி சொல்லி வைத்துவிடுவாள். எங்கள் பக்கத்தில் போனில் பெரிய ஆபீஸிலிருந்து யாராவது கேட்டால் சரி என்று சொல்வதுதான் மரியாதை. மறுப்பதை நேரில்தான் சொல்வார்கள்.

அவனுடைய தவறுகள் கிடைத்தபோதெல்லாம் எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஆனால் தவறுக்கு முன்னும் பின்னும் அவன் பேசுவதையும் கேட்க வேண்டியிருந்தது. ஒரு கிழவியின் முட்டிவலிக்கு எந்த ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர் என்று சொல்கிறான். புது மாப்பிள்ளையிடம் கட்டில் வாசல்வழி நுழையுமா, அளந்து பார்த்தாயா என்கிறான். விற்பதற்காகக் கேட்கிறானா, கேட்பது அவன் சுபாவமா என்று எவ்வளவு கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. என்னால் ஏன் இப்படி ஒரு வாக்கியம் பேச முடியவில்லை என்று மீண்டும் ஓடவிட்டேன். ஜமுனா அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"அதே பேச்சைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கினு இருக்கியே, தப்பைத் தேடறியா, தம்பி குரலைத் தேடறியா?"

நைனாவின் ஃபேன்

நான் சாப்பிடப் போன நேரத்தில் நைனா கடைக்கு வந்திருக்கிறார். மேல்விசிறி ஒன்று வாங்க. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நேரே கீழ்த்தளத்தில் லோகுவிடம் போயிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது ஃபேன் பெட்டி மேல் கையூன்றி, லோகுவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ரசீதை வாங்கிப் பார்த்தேன். கார்டு, தவணை, அடியில் பாதுகாப்பு.

பாதுகாப்பு வேண்டாம், நமக்கு அது உதவாது என்று வீட்டில் நான் எத்தனையோ சாயங்காலம் விளக்கியிருக்கிறேன். வெற்றிலை போட்டுக்கொண்டே தலையாட்டிக் கேட்டவர்தான். லோகுவிடம் பேசி அந்த வரியை அன்றைக்கே எடுக்க வைத்தேன். உன் அப்பா என்று தெரியாது, தெரிந்திருந்தால் விற்றிருக்க மாட்டேன் என்றான். அதை நம்புகிறேன். என் கோபம் நைனா மேல். ஃபேன் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை முன்னால் நடந்தேன். பஸ் ஏறும்போது அவராகவே சொன்னார்.

"நீ சொன்னப்போ பயமா இருந்துச்சி. அவன் சொன்னப்போ தைரியமா இருந்துச்சி. அவ்ளோதாம்மா."

குவைத்தில் ஒரு டிரைவர்

ஏர்பேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவன் குவைத்தில் டிரைவர். கார்டு அவள் பெயரில். அவளுக்கு வேலை கிடையாது, கணவனின் வேலைக்கும் அந்தப் பாதுகாப்பு செல்லாது. வெளிநாட்டு வேலை கணக்கில் வராது என்று நிபந்தனையிலேயே இருந்தது. அழகான புகார். அவளும் கோபமாகத்தான் வந்தாள். எழுதி முடித்து, கட்டியதெல்லாம் திரும்ப வரும், இன்றோடு பாதுகாப்பு ரத்து என்றேன்.

ரத்து என்றதும் அவள் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்தாள். கணவனோடு போன இரண்டு பேரை முதலாளி திருப்பி அனுப்பிவிட்டாராம், இவரை மட்டும் அனுப்பவில்லையாம். இந்த இன்சூரன்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் தமிழிலும் தெலுங்கிலும் சொன்னேன். காகிதத்தை என்னிடமிருந்து மெதுவாக இழுத்து மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்ல மேடம், இருக்கட்டும். அவரு அங்க நிக்கிறதே இதாலயோ இன்னாவோ, நமக்கு எப்படித் தெரியும்?"

ராமகுப்பத்து முனியம்மா

சித்தூர் பதவிக்குப் பெயர் அறிவிக்க இருந்த வாரம் முனியம்மா வந்தாள். ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கிறவள். மொட்டை போடத் திருப்பதிக்கு வந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தாள். பட்டுக்கூடு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன கணவன் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்துவிட்டான். உடம்பு படுத்தால் கம்பெனி கட்டும் என்ற சொல்லை நம்பி, தவணை கட்டுவதை நிறுத்திவிட்டாள். கம்பெனி கட்டவில்லை. வசூல்காரர்கள் வந்து தெருவில் நின்று கத்தி, ஃப்ரிட்ஜைத் தூக்குவோம் என்று நாள் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் வழக்கம்போல் சம்பளச் சீட்டு உண்டா என்று கேட்டேன். எங்களுக்கு ஏது சம்பளம், அதை அந்தத் தம்பியிடமே சொன்னேனே என்றாள். பதிவை வாங்கிக் கேட்டேன். சொல்லியிருந்தாள். "பூச்சி வளக்கறோம்பா, சம்பளமெல்லாம் இல்ல" என்ற அவள் குரல். அதன் பின்னால், "மாசச் சம்பளம்னு சொல்லும்மா, இல்லன்னா கார்டு வராது" என்ற லோகுவின் குரல்.

அன்று எழுதிய புகாரைப்போல் எதையும் நான் அவ்வளவு பயந்து எழுதியதில்லை. இது சென்னைக்குப் போனால் சித்தூர் எனக்கு. நிறுத்தி வைத்தால் ஃப்ரிட்ஜைத் தூக்கிவிடுவார்கள். என் ஆசை கையில் ஏறிவிடக் கூடாது என்று, லோகுவுக்குச் சாதகமானதையும் ஒரு வரி சேர்த்தேன்: அவர் வாடிக்கையாளரிடம் மரியாதையாக நடந்துகொண்டார், தனியாகப் பணம் எதுவும் வாங்கவில்லை. அனுப்புவதற்கு முன் அவனிடமே காட்டினேன். முழுக்கப் படித்தான். தப்பு என்னுதுதான் என்றான். அப்புறம், எனக்கு நல்ல பேர் குடுத்து ஒரு வரி எழுதியிருக்கியே, அதைப் படிச்சாதான் கோவம் வருது என்று சொல்லிவிட்டுப் போனான். அனுப்பினேன். மேனேஜர் மாலையில் என்னைக் கூப்பிட்டு, தன் தெலுங்குத் தமிழில் மிகவும் அன்பாகச் சொன்னார்.

"நீ எழுதினதுல தப்பு லேதும்மா. அதே சரியை ஒரு வாரம் கழிச்சு எழுதியிருந்தா இன்னும் சரியா இருந்திருக்கும்."

சித்தூருக்குப் போன ஆள்

சென்னை புகாரை ஏற்றுக்கொண்டது. முனியம்மாவுக்குப் பாதுகாப்புப் பணம் திரும்ப வந்தது, தாமத அபராதம் தள்ளுபடியானது, கணவன் எழுந்து நடக்கும்வரை தவணைக்கு அவகாசமும் கிடைத்தது. வசூல்காரர்கள் வருவது நின்றது. லோகுவின் கமிஷன் பிடிபட்டது. அறிவிப்பு தள்ளிப்போனது. நான் சித்தூரில் வாடகை வீடு விசாரிக்கச் சொல்லி என் சிநேகிதிக்குப் போன் செய்தேன்.

ஏற்றுக்கொண்ட புகாரை முடித்து வைக்க ஒரு முறை உண்டு. வாடிக்கையாளர் திருப்தி என்று சென்னைக்காரியிடம் போனில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கோபத்தில் யாரும் சொல்வதில்லை, புகார் முடியாமலே கிடக்கும். லோகு லீவு போட்டுவிட்டு ராமகுப்பத்துக்குப் போனான். தலைமை அலுவலகக் கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, நான் செய்தது தப்பு என்று அவள் கணவனிடம் சொல்லி, கால் சரியாகக் கூடவில்லை என்று பார்த்து, ஆட்டோ பிடித்துக் குப்பம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறான். சென்னையிலிருந்து போன் வந்தபோது முனியம்மா திருப்தி என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லையாம், வெகுநேரம் பேசினாளாம். புகார் கொடுத்தவளையே இப்படிப் பேசவைக்கிற ஆள்தான் புதுக் கிளைக்கு வேண்டும் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. லோகு சித்தூருக்குப் போனான். என் ஒப்பந்தத்தை இன்னொரு வருஷத்துக்கு நீட்டினார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் முனியம்மா ஒரு பை நிறையப் புளியோடு வந்து, லோகு எங்கே என்று கேட்டாள். சித்தூருக்கு மாற்றலாகிவிட்டது என்றேன். பையைத் திரும்பத் தோளில் மாட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் புகாரை எழுதி அனுப்பியது நான்தான் அம்மா என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பையை மட்டும் இறக்கவில்லை.

"தெரியும் கண்ணு, நீ எழுதலன்னா ஃப்ரிட்ஜு போயிருக்கும். ஆனா அந்தப் புள்ள வூட்டுக்கே வந்து எங்கூட்டுக்காரரு காலைத் தொட்டுப் பாத்துச்சி. நீ இன்னா கேட்ட, சம்பளச் சீட்டு இருக்குதான்னு கேட்ட. சித்தூருக்கு எந்த பஸ்ஸு ஏறணும், சொல்லு."

பொறாமைக்கென்று ஒரு காப்பீடு எப்போதாவது வந்தால், நிபந்தனை எல்லாவற்றையும் வரி விடாமல் படித்து எனக்கு அது செல்லாது என்று நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகும், சித்தூர் போய் லோகுவிடம் ஒன்று வாங்கிக்கொண்டுதான் வருவேன்.